கடலோரப் பாலைவனத்தில் வண்டியோட்ட: ஸ்வாகோப்முண்டிலிருந்து லூடரிட்ஸ் வரை ஒரு நமீபிய வழிகாட்டி

தென்மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியாவின் வரைபடத்தைப் பார்த்ததும் பலரும் போடும் முதல் திட்டம் ஒன்றுதான். வடக்கே தொடங்கி, அட்லாண்டிக் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே லூடரிட்ஸ் வரை இறங்கிவிடலாம் என்பார்கள். அது நடக்காது. வால்விஸ் பேக்கும் லூடரிட்ஸுக்கும் நடுவில் கடலோரமாகச் சாலையே கிடையாது. நேர்கோட்டில் அளந்தாலே 400 கிலோமீட்டருக்கு மேல் மணல்மேடுகள், அதற்குத் தெற்கே வைரச் சுரங்கங்களுக்காக வேலியடைத்த நிலம். ஆகவே இந்தக் கரையை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். ஸ்வாகோப்முண்ட், வால்விஸ் பே, ஹென்டிஸ் பே ஆகியவை வடக்குத் துண்டு. லூடரிட்ஸும் அதன் சுற்றுப்புறமும் தெற்குத் துண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக உள்நாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு முழுதாக இரண்டு நாள் வண்டி ஓட்ட வேண்டும். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்ற கணக்குகள் எளிதாகிவிடும்.

எல்லாம் சேர்த்து 12 நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். 8 நாள்தான் இருக்கிறது என்றால் தெற்கை விட்டுவிட்டு வடக்கை மட்டும் பாருங்கள். இரண்டையும் 8 நாளில் திணிப்பவர்கள் பாதிப் பயணத்தை இருட்டில் ஓட்ட நேரிடும். அந்த நாட்டில் செய்யவே கூடாத காரியம் அது.

எப்போது போவது

பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நடுங்குகிறவர்கள் உண்டு. தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் இந்தக் கரையை உரசிக்கொண்டு போகிறது. அதன் மேல் படியும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிக் கரையேறுகிறது, ஆனால் மழையாவதில்லை. ஸ்வாகோப்முண்டின் ஆண்டு மழை சராசரியாக 20 மில்லிமீட்டருக்கும் குறைவு. மூடுபனியோ ஆண்டில் நூறு நாளுக்கு மேல் இருக்கும். கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டாது, கடல்நீர் காலை வைத்தால் சுரீரென்னும். கம்பளிச் சட்டை ஒன்று, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, காதை மூடும் குல்லா ஒன்று கட்டாயம்.

மே முதல் ஆகஸ்ட் வரை இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து கிழக்குக் காற்று இறங்கும்போது கரையோரம் சில மணி நேரத்தில் 30 டிகிரியைத் தாண்டிவிடும், மணலும் பறக்கும். ஓரிரு நாளில் அடங்கிவிடும். லூடரிட்ஸில் தொல்லை வேறு: கோடை மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, பிற்பகல்தோறும் தெற்கிலிருந்து கடுங்காற்று வீசும். உலக வேகச் சாதனைக்காகக் காற்றுப் பலகை ஓட்டுகிறவர்கள் தேடி வருமளவுக்கு அது பலமான காற்று.

இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்க்க ஏப்ரல் கடைசி, மே, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் நல்ல காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்நாட்டில் பெய்யும் மழையால் காய்ந்து கிடக்கும் ஆறுகள் திடீரென்று ஓடும். டிசம்பரில் தலைநகர்க்காரர்கள் மொத்தமும் ஸ்வாகோப்முண்டுக்கு இறங்கிவிடுவார்கள், அறை கிடைப்பது கஷ்டம்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

விசா விதிகள் 2025 ஏப்ரலில் மாறின. பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று நமீபியத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஆடிஸ் அபாபாவிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ விமானம் மாற வேண்டியிருக்கும். ஆடிஸ் அபாபா வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்கக்கூடும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே அசல் லைசென்ஸும் வேண்டும், அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது. நமக்குச் சாதகமான விஷயம், நமீபியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மின்சாரமும் அப்படித்தான்: நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய மூன்று முள் ப்ளக் அங்கே பொதுவாக இருக்கும் சுவர் சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். அந்தப் பெரிய ப்ளக் வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று கொண்டுபோனால் தனியாக அடாப்டர் வாங்க வேண்டாம்.

நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ரேண்டும் ஒன்றுக்கு ஒன்று சமம். ரேண்டை நமீபியாவில் எங்கும் வாங்குவார்கள், நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் வாங்க மாட்டார்கள். ஊர்களில் கார்டு எடுபடும். பாலைவன நடுவே உள்ள பெட்ரோல் பங்க்கில் நெட்வொர்க் போனால் கார்டு மெஷினும் போச்சு. இரண்டு முறை டேங்க் நிரப்பும் அளவு ரொக்கம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

எந்த வண்டி, எந்த டயர்

ஸ்வாகோப்முண்ட், வால்விஸ் பே, ஹென்டிஸ் பே மட்டும் என்றால் சாதாரணக் கார் போதும். தெற்கேயும் போவதானால் தரையிலிருந்து நல்ல உயரமுள்ள வண்டி வேண்டும். டபுள் கேபின் பிக்கப் வண்டிகளைத்தான் அங்கே பெரும்பாலும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஸ்டெப்னி இரண்டு கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், முதல் பஞ்சருக்குப் பிறகு அடுத்த ஊர் வரை 200 கிலோமீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். முழுக் காப்பீடு என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தண்ணீர்ச் சேதம், மணற்காற்றில் பெயின்ட் உரிவது ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகக் கவிழ்ந்தால் பணம் இல்லை என்ற வரியும் இருக்கும். சரளைச் சாலையில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் அந்த வகைதான், அதனால் அந்த வரிக்குத் தனிக் காப்பீடு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடே செல்லாது என்றும் இருக்கும்.

வண்டியை எடுத்ததும் வாடகைக் கடையின் முற்றத்திலேயே ஒரு வேலை செய்யுங்கள். ஸ்டெப்னியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிக்கப்பில் அது பின்பக்கம் அடியில் ஒரு சங்கிலியில் தொங்கும். பின் பம்பருக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீட்டுக்குப் பின்னால் துண்டு துண்டாக வைத்திருக்கும் இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று பொருத்தி, அந்த ஓட்டைக்குள் விட்டுத் துழாவினால் முனை ஓர் இடத்தில் போய்ச் சிக்கும். அங்கிருந்து இடப்பக்கமாகத் திருகினால் டயர் மெல்ல இறங்கும். முதல் தடவை அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரமாகும். வெட்டவெளிக் காற்றில் கற்றுக்கொள்வதைவிட முற்றத்தில் கற்றுக்கொள்வது மேல். ஜாக்கியை அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மணலில் வண்டி உயர்வதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் அழுத்தம் பார்க்கும் மீட்டரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

காற்றழுத்தம்தான் இங்கே உயிர்நாடி. தார்ச் சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ., சரளையில் 26 முதல் 29, ஆழ்மணலில் 15 முதல் 18. சுமை கூடினால் மேல் அளவைப் பிடியுங்கள். சரளையில் ஏன் குறைக்கிறோம் என்றால், விறைப்பான டயரில் கூர்ங்கல் குத்தி ஏறும், கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி மடங்கிக்கொடுக்கும். ஆனால் குறைத்த காற்றோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். காலையில், வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

சரளையில் சட்டப்படி 100 வரை போகலாம். 80 போதும், வளைவில் 60. ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் தளர்ந்த சரளையில் பின்சக்கரம் ஏறினால் வண்டியின் பின்பாகம் வழுக்கும். பயந்து பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் கவிழும். ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, போகிற போக்கில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் தானே நிமிரும். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள், அவர்கள் கிளப்பும் புழுதியில் சில விநாடி எதுவும் தெரியாது. பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். டயர் மாற்றினால் 50 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

வடக்குத் துண்டு

தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து ஸ்வாகோப்முண்ட் 360 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச் சாலை, நான்கு மணி நேரம். கடைசி 40 கிலோமீட்டரில் மூடுபனி சுவர்போல எதிரே நிற்கும், அதில் நுழையும் முன் வேகத்தைக் குறையுங்கள். 1892இல் ஜெர்மானியர்கள் உருவாக்கிய ஊர் இது. இங்கேயே மூன்று நாள் தங்கி மற்ற இடங்களுக்குப் போய்வரலாம். பெரிய சூப்பர்மார்க்கெட், டயர் கடை, மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. வண்டியைத் தெருவில் நிறுத்தினால் பளபளப்பான மேலங்கி போட்ட காவலர் ஒருவர் வருவார். முதலில் வணக்கம் சொல்லி நலம் விசாரித்துவிட்டுப் பிறகு பேசுவது அங்கே மரியாதை. திரும்பும்போது 5 நமீபிய டாலர் கொடுப்பது வழக்கம். வண்டிக்குள் பையை வெளியே தெரியும்படி விட்டுப் போகாதீர்கள்.

35 கிலோமீட்டர் தெற்கே வால்விஸ் பே. நமீபியா 1990இல் விடுதலை பெற்றபோதும் இந்தத் துறைமுகம் தென்னாப்பிரிக்காவிடமே இருந்தது, 1994இல்தான் கைக்கு வந்தது. காயலில் பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அதற்கும் தெற்கே சாண்ட்விச் ஹார்பர். அங்கே மணல்மேடு நேராகக் கடலில் இறங்குகிறது. அந்த அழகைப் பார்த்துச் சொந்தமாக வண்டியை விட்டுவிடாதீர்கள். மேட்டுக்கும் அலைக்கும் நடுவே உள்ள ஒற்றைப் பாதை, கடல் ஏறும்போது இல்லாமல் போய்விடும். மணல் உறுதியாகத் தெரியும், மேலோட்டின் அடியில் சேறு இருக்கும். அலைநேரம் தெரிந்த உள்ளூர் வழிகாட்டியின் வண்டியில் போவதுதான் முறை.

ஸ்வாகோப்முண்டிலிருந்து வடக்கே ஹென்டிஸ் பே 75 கிலோமீட்டர். இதற்கு வடக்கே தொடரும் சி 34 சாலை, ஜிப்சம் மண்ணில் உப்புநீரைத் தெளித்து இறுக்கியது. காய்ந்த நாளில் தார் போலவே ஓடும். மூடுபனி பட்டால் மேலே ஒரு வழுவழுப்பு வந்துவிடும், காலை 10 மணிக்கு முன் 60க்கு மேல் போக வேண்டாம். வழியோரம் ஆளில்லாத மேசைகளில் இளஞ்சிவப்பு உப்புப் படிகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். விலை எழுதிய சீட்டும் காசு போட ஒரு தகர டப்பாவும் இருக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவை நம்பித்தான் ஒரு குடும்பம் உப்பு வெட்டுகிறது.

சாலையை விட்டு ஓரடி கூட வண்டியை இறக்காதீர்கள். வெறும் கல்தரையாகத் தெரிவது உண்மையில் லைக்கன் படர்ந்த வயல். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர் இது, மூடுபனியைக் குடித்து உயிர்வாழ்வது. ஒரு டயர்த் தடம் பல பத்தாண்டுகளுக்கு மறையாது. மண்டியிட்டு ஒரு கல்லின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கருகிக் கிடந்தது சில நிமிடத்தில் பச்சையும் ஆரஞ்சுமாக விரியும்.

ஹென்டிஸ் பேயிலிருந்து 55 கிலோமீட்டரில் கேப் கிராஸ். 1486இல் போர்த்துகீசிய மாலுமி தியோகோ காவோ ஒரு கல் சிலுவையை நட்ட இடம். 1893இல் ஜெர்மானியர்கள் எடுத்துப்போன அந்த மூலச் சிலுவையை நமீபியாவிடம் திருப்பித் தர 2019இல் முடிவானது, கரையில் இப்போது நிற்பவை நகல்கள். இங்கே ஆயிரக்கணக்கான கடல்நாய்களைப் பலகைப் பாதையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நாற்றம் துணியில் ஏறிக்கொள்ளும், இந்த உடுப்போடு சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். குட்டிகள் பிறப்பது நவம்பர், டிசம்பரில்.

இதற்கு மேலே எலும்புக்கூட்டுக் கரை தேசியப் பூங்கா. உகாப் ஆற்றின் வாயிலில் மண்டையோடு வரைந்த கதவு நிற்கும். ஒருவழியாகக் கடந்துபோகும் அனுமதியை அங்கேயே எழுதித் தருவார்கள், ஆனால் பிற்பகல் 3 மணிக்கு முன் நுழைந்து அன்றே கிழக்கு வாயிலான ஸ்பிரிங்பாக்வாசரில் வெளியேற வேண்டும். எரிபொருள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். ஹென்டிஸ் பேயில் நிரப்பினால், கிழக்கு வாயிலுக்கு அப்பாலுள்ள பால்ம்வாக் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு நம்பி நிரப்ப இடமில்லை. டேங்க்கை வாய்வரை நிரப்பி, கூடவே 20 லிட்டர் கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

உப்புச் சாலையிலிருந்து திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒட்டிய சேறு ஓரிரு நாளில் சிமென்ட்போல இறுகி இரும்பைத் தின்னும்.

நடுவில் இரண்டு நாள்

வால்விஸ் பேயிலிருந்து சி 14 சாலையில் சாலிடேர் 230 கிலோமீட்டர். குயிசெப் கணவாய் வரை கடை, பங்க், வீடு எதுவும் கிடையாது. சாலிடேரில் எரிபொருள் நிரப்பிவிட்டு, இன்னும் 80 கிலோமீட்டர் போய் செஸ்ரியத்தில் தங்குங்கள். அதிகாலையில் சிவப்பு மணல்மேடுகளைப் பார்க்க ஒரு நாள் கூடுதலாக வைத்தால் வீணாகாது.

அடுத்த நாள் செஸ்ரியத்திலிருந்து பெத்தா, ஹெல்மெரிங்ஹவுசன் வழியாக ஆவுஸ், சுமார் 350 கிலோமீட்டர் சரளை. ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெத்தா, ஹெல்மெரிங்ஹவுசன், ஆவுஸ் மூன்றிலும் பங்க் உண்டு. பாதி டேங்க் இருக்கிறதே என்று தாண்டிப் போகாதீர்கள், அடுத்த ஊரில் மின்சாரம் இல்லையென்றால் பம்ப்பும் ஓடாது. பார்த்த பங்க்கில் எல்லாம் நிரப்புவதே வழக்கமாக இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அதற்கு மேல் வண்டிக்குப் பொதுவாக 10 லிட்டர். ஒரே கேனில் வைக்காமல் பிரித்து வையுங்கள், குலுக்கலில் ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு நாள்தான் சோதனை. ஸ்வாகோப்முண்டிலேயே அரிசி, பருப்பு, தயிர், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் பாப் எங்கும் கிடைக்கும், ஏறத்தாழ நம் களிதான். ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தால் வயிறு நிறையும்.

சாலையில் தாழ்ந்த இடங்களில் ஆறு குறுக்கே ஓடினால் நில்லுங்கள். தண்ணீர் கலங்கலாக, அடி தெரியாமல் ஓடினால் இறங்கவே கூடாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வண்டி பழுதானால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். இந்த ஒரு விதியை மீறியதால் பாலைவனங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. வண்டி நிழல் தரும், தூரத்திலிருந்து தெரியும், தண்ணீரும் அதில்தான் இருக்கிறது. பானெட்டைத் தூக்கிவிட்டு நிழல்பக்கம் உட்காருங்கள். அடுத்த வண்டி வர மூன்று மணி நேரமாகலாம், ஆனால் வருகிறவர் நிற்காமல் போவது அங்கே வழக்கமில்லை. நீங்களும் வழியில் நின்றுபோன வண்டியைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். போலீஸ் எண் 10111. அன்றைக்கு எங்கே போய்ச் சேர்கிறீர்கள் என்பதைக் காலையில் தங்கிய இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவது எந்தக் கருவியையும்விட உதவும்.

தெற்குத் துண்டு

ஆவுஸிலிருந்து லூடரிட்ஸ் 125 கிலோமீட்டர், நல்ல தார்ச் சாலை. இதைக் காலை 10 மணிக்குள் கடந்துவிட வேண்டும். பிற்பகல் காற்றில் மணல் சாலையைக் குறுக்காக ஓடிக் கடக்கும், சில இடங்களில் பிறைவடிவ மேடே தாரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். வேகமாக வந்து அதில் மோதினால் சுவரில் மோதியது போலத்தான். மணற்காற்றில் அரை மணி நேரம் ஓட்டினாலே முன்கண்ணாடி பால்போல மங்கிவிடும், பெயின்ட் உரிந்துவிடும். தாரின் மேல் மணல் பாம்புபோல நெளிவது அடர்ந்துகொண்டே போனால் ஆவுஸுக்குத் திரும்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துங்கள். ஆவுஸைத் தாண்டி 20 கிலோமீட்டரில் காருப், அங்கே தண்ணீர்த் தொட்டிக்குக் காட்டுக்குதிரைகள் வரும். தீனி கொடுக்காதீர்கள், அப்படிப் பழகினால் அவை சாலையில் வந்து அடிபட்டுச் சாகும்.

இந்தச் சாலையின் தெற்குப்புறம் முழுதும் 1908இல் ஜெர்மானியர் தடைசெய்த வைர நிலம், இன்று தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்கி நடப்பதும் குற்றம், பட்டை தீட்டாத வைரத்தை வைத்திருப்பதும் குற்றம். பளபளக்கிறதே என்று எந்தக் கல்லையும் எடுக்காதீர்கள், யார் விற்க வந்தாலும் பேச்சு கொடுக்காதீர்கள்.

லூடரிட்ஸுக்கு 10 கிலோமீட்டர் முன்னால் கோல்மன்ஸ்கோப். 1908இல் சகரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைத் தொழிலாளி மணலை அள்ளும்போது கண்ட கல்லைத் தன் மேலாளர் ஆகஸ்ட் ஸ்டாவுக்கிடம் கொடுத்தார். ஸ்டாவுக் பணக்காரரானார். ஊர் எழுந்து, வைரம் தீர்ந்து, 1956க்குள் காலியானது. அறைகளில் மணல் முழங்கால் அளவு, சிலவற்றில் ஜன்னல் அளவு. கதவு பாதி புதைந்து, திறந்தபடியே நிற்கும். வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது வழக்கமாகக் காலை 9.30க்கும் 11க்கும், பிற்பகல் 1 மணியோடு மூடிவிடுவார்கள். விடியற்காலை வெளிச்சத்தில் படமெடுக்க நினைப்பவர்கள் தனிப் புகைப்பட அனுமதியை முதல் நாளே ஊரில் வாங்க வேண்டும். உள்ளே லென்ஸ் மாற்றாதீர்கள். மாடிப் பலகைகள் மக்கியிருக்கின்றன, ஏறும் முன் காலால் அழுத்திப் பாருங்கள்.

ஊரில் 1912ஆம் ஆண்டுத் தேவாலயம், சிப்பி, தியாஸ் முனை எல்லாம் அரை நாளில் முடியும். ஷார்க் தீவுக்குக் கட்டாயம் போங்கள். ஊரோடு ஒட்டிய சின்ன நிலநீட்டம்தான். 1905க்கும் 1907க்கும் இடையே ஜெர்மானியர்கள் ஹெரேரோ, நாமா மக்களை இங்கே அடைத்து வைத்தார்கள். குளிரிலும் பட்டினியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே கூடாரம் போட இடம் விட்டிருக்கிறார்கள். போட வேண்டாம். நின்று பார்த்துவிட்டு, ஊருக்குள் வந்து தங்குங்கள்.

திரும்பும் வழி முழுக்கத் தார்தான்: லூடரிட்ஸிலிருந்து கீட்மன்ஷூப் 335 கிலோமீட்டர், அங்கிருந்து விண்ட்ஹூக் சுமார் 500. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். பொழுது சாயும் வேளையில் ‘கூடு’ (kudu) என்ற பெரிய மான்கள் வேலியைத் தாண்டிச் சாலைக்கு வரும். 200 கிலோவுக்கு மேல் எடை, நீண்ட கால், மோதினால் உடல் நேராக முன்கண்ணாடியில் விழும். கீட்மன்ஷூப்பில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் டயருக்குத் தார்ச்சாலை அளவுக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்புங்கள்.